காவலைத் தூங்க வைக்கும் மருந்து: ஸ்டீரோயிட் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



"முழங்கால் வலியா அக்கா? டவுன்ல ஒரு சின்ன மாத்திரை இருக்கு. ரெண்டு போட்டா போதும், மறுநாள் மலை ஏறிடலாம்." லயத்து வாசலிலும் கொழுந்து மடுவத்திலும் இப்படிப் பேசிக்கொள்வது எமக்கெல்லாம் பழக்கமான விஷயம். அந்தச் சின்ன மாத்திரை பல வேளைகளில் ஸ்டீரோயிட் வகை மருந்தாக இருக்கும். இழுப்புக்காக ஒருவருக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மிச்சமிருந்ததை, பக்கத்துக் காம்பராவில் இருப்பவரின் உடம்பு ஊறலுக்குக் கொடுப்பதும் நடக்கிறது.

அந்த மாத்திரை வலியைக் குறைப்பது உண்மைதான். பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது எதை அடக்கி வலியைக் குறைக்கிறது என்று தெரிந்தால், அதைக் கடையில் கேட்டு வாங்க எவருக்கும் மனம் வராது. அதே நேரம், டொக்டர் தேவை பார்த்துக் கொடுத்த ஸ்டீரோயிட் மருந்தைப் பயந்து பாதியில் நிறுத்தவும் மனம் வராது. இந்த இரண்டும் எமது குடும்பங்களுக்கு மிகவும் முக்கியமானவை. ஆகவே இம்முறை இந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

உடம்பிலேயே ஊறும் சரக்கு

ஸ்டீரோயிட் என்பது வெளியில் இருந்து வந்த புதுச் சரக்கு அல்ல. எமது இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே, தொப்பி வைத்தது போல இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கு அதிரீனல் சுரப்பி என்று பெயர். இந்தச் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற ஒரு பொருளைத் தினமும் இரத்தத்தில் விடுகின்றன. விடியற்காலையில் அது கூடுதலாக ஊறும்; இரவில் குறையும். காய்ச்சல், அடிபட்ட காயம், ஒப்பரேஷன், பெரிய அதிர்ச்சி போன்ற நேரங்களில் உடம்பு இதைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும். உடம்பில் சீனியின் அளவையும் இரத்த அழுத்தத்தையும் விழாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலைகளில் ஒன்று. மற்ற வேலை, உடம்பின் காவற்படை அளவுக்கு மீறிப் போகாமல் கட்டுப்படுத்துவது.

பிரெட்னிசொலோன், டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், ஹைட்ரோகோர்ட்டிசோன், பெக்லோமெத்தசோன் என்று டொக்டர் சீட்டில் எழுதும் மருந்துகள் எல்லாம் இந்தக் கோர்ட்டிசோலைப் போலவே செய்யப்பட்டவை, அல்லது அதுவேதான். உடம்பு ஒரு நாளைக்கு ஊறவைக்கும் கோர்ட்டிசோல், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் மாத்திரை ஒன்றுக்குச் சமம். நோய்க்காக டொக்டர் 30, 40 மில்லிகிராம் என்று கொடுக்கும்போது, உடம்பில் வழக்கமாக இருப்பதைவிட ஆறு முதல் எட்டு மடங்கு போகிறது. காவற்படை அடங்குவது இந்தக் கூடுதல் அளவினால்தான்.

விளையாட்டு வீரர்கள் சதை வளர்ப்பதற்காகக் களவாகப் போடும் ஊசியையும் ஸ்டீரோயிட் என்றுதான் சொல்வார்கள். அது வேறு வகை. நாம் இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

உடம்பின் காவற்காரர்கள்

இரத்தத்தில் செங்குழியம், வெண்குழியம் என்று இரண்டு வகை உண்டென்று பிள்ளைகள் பாடசாலையில் படிப்பார்கள். வெண்குழியங்கள்தான் எமது காவற்காரர்கள். இவர்களிலும் பல பிரிவினர் இருக்கிறார்கள். சிலர் கிருமியைக் கண்ட இடத்திலேயே விழுங்கிவிடுவார்கள். சிலர் கிருமி புகுந்த கலத்தைத் தேடி அழிப்பார்கள். இன்னும் சிலர், முன்பு வந்த கிருமியின் அடையாளத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அது திரும்ப வரும்போது பிறபொருளெதிரி என்ற ஆயுதத்தைச் செய்து அனுப்புவார்கள்.

கவ்வாத்து வெட்டும்போது கையில் கத்தி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காயத்தின் வழியாகக் கிருமி நுழைகிறது. அந்த இடத்தில் காவல் நிற்கும் வெண்குழியம் முதலில் செய்வது என்ன? ஆள் கூப்பிடுவதுதான். முந்திய காலத்தில் பெரட்டுக்குத் தப்பு அடித்து ஆள் கூப்பிட்டது போல, அது சில இரசாயனச் செய்திகளை இரத்தத்தில் விடும். அந்தச் செய்தி கேட்டு மற்ற வெண்குழியங்கள் ஓடி வரும். இரத்தக் குழாய் விரிந்து கொடுக்கும். குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, இடுக்கு வழியாக வெளியில் இறங்கி, காயம்பட்ட இடத்துக்கு அவை போய்ச் சேரும். அதனால்தான் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இதற்கு அழற்சி என்று பெயர். வீக்கமும் வலியும் எமக்குத் தொல்லையாக இருந்தாலும், உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு அவைதான் அடையாளம்.

மருந்து காவலை எப்படி அடக்குகிறது?

எமது உடம்பின் ஒவ்வொரு கலமும் ஒரு சிறிய தோட்டம் போல. அதன் நடுவில் உள்ள கருவை ஒபிஸ் என்று சொல்லலாம். என்ன பொருள் செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாம் அந்த ஒபிஸ் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

பல மருந்துகள் கலத்தின் வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டுப் போகும். ஸ்டீரோயிட் அப்படியல்ல. அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், கலத்தின் சுவரைத் தாண்டி நேராக உள்ளே போய்விடும். உள்ளே அதற்கென்றே காத்திருக்கும் ஒரு புரதம் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒபிஸுக்குள் நுழையும். அங்கே இரண்டு வேலை நடக்கும். ஆள் கூப்பிடும் செய்திகளை எழுதும் பக்கங்கள் மூடப்படும். அழற்சியை அடக்கும் பொருட்களை எழுதும் பக்கங்கள் திறக்கப்படும்.

இதனால் என்ன நடக்கிறது?

முதலாவது, தப்புச் சத்தம் குறைகிறது. ஆள் கூப்பிடும் செய்தி போவதில்லை. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருட்கள் ஊறுவதும் குறைகிறது.

இரண்டாவது, வெண்குழியங்கள் இரத்தக் குழாயின் சுவரில் ஒட்ட முடியாமல் போகின்றன. ஒட்டாவிட்டால் வெளியில் இறங்க முடியாது. ஆகவே இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டீரோயிட் போடுகிறவரின் இரத்தத்தைச் சோதித்தால் ஒரு வகை வெண்குழியங்களின் எண்ணிக்கை கூடித் தெரிவதற்கு இதுதான் காரணம். எண்ணிக்கை கூடினால் பலம் கூடியது என்று அர்த்தமில்லை. செக்ரோலில் பேர் இருக்கிறது, மலையில் ஆள் இல்லை என்ற கதைதான்.

மூன்றாவது, ஞாபகம் வைத்துப் போராடும் பிரிவினர் இரத்தத்தில் குறைந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதி எலும்பு மச்சைக்குள் போய் ஒதுங்கிவிடும். ஒரு பகுதி செத்தும் போகும். மிஞ்சியவர்களுக்கும் பெருகு என்ற கட்டளை கிடைப்பதில்லை.

நான்காவது, விழுங்கும் கலங்களின் வேகம் குறைகிறது. கிருமியை விழுங்கினாலும் அதை உள்ளேயே கொல்லும் பலம் குறைந்துவிடுகிறது.

கட்டளைப் புத்தகத்தின் வழியாக நடக்கும் வேலை என்பதால் இதற்கு நேரம் எடுக்கும். இழுப்பு வந்து மூச்சுத் திணறும்போது பிரெட்னிசொலோன் மாத்திரை போட்டால், அது நன்றாக வேலை செய்ய சில மணித்தியாலங்கள் ஆகும். அதுவரைக்கும் மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது சல்பியூட்டமோல் பம்ப். "மாத்திரைதான் போட்டாச்சே" என்று பம்பை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

இந்த மருந்து வந்த கதை

அமெரிக்காவில் ரொச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற டொக்டர் மூட்டுவாத நோயாளிகளைப் பல வருடம் கவனித்து வந்தார். மஞ்சட்காமாலை வந்தபோதும், பெண்கள் கர்ப்பமாக இருந்தபோதும் அவர்களின் மூட்டு வலி தானாகக் குறைந்ததைக் கண்டார். உடம்பே ஏதோ ஒரு பொருளைச் செய்து வலியை அடக்குகிறது என்று அவர் நினைத்தார். அங்கேயே எட்வர்ட் கெண்டல் என்ற விஞ்ஞானி அதிரீனல் சுரப்பியில் உள்ள பொருட்களைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1948 செப்டம்பரில் மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, பிற்காலத்தில் கோர்ட்டிசோன் என்று பெயர் பெற்ற பொருளை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டு ஹென்ச், கெண்டல் ஆகியோருக்கும், சுவிட்சர்லாந்தில் இதே ஆராய்ச்சியைச் செய்த ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உலகமே அதை அற்புத மருந்து என்று கொண்டாடியது. ஆனால் ஊசியை நிறுத்தியதும் வலி திரும்பி வந்தது. தொடர்ந்து போட்டவர்களுக்கு முகம் உப்பியது, மனக் குழப்பம் வந்தது, கிருமி தொற்றியது. மருந்து நோயை அடக்கியதே தவிர, அதன் வேரைப் பிடுங்கவில்லை. இதை டொக்டர்மார் அந்த முதல் சில வருடங்களிலேயே கண்டுகொண்டார்கள். இன்று டவுனில் கிடைக்கும் சின்ன மாத்திரைக்கும் அதே கதைதான்.

காவலை அடக்குவது எப்போது நல்லது?

காவற்காரன் சில வேளை வீட்டுக்காரரையே அடித்துவிடுவான். வெண்குழியங்களும் அப்படித்தான். வெளியிலிருந்து வந்த ஆபத்தில்லாத தூசியைக் கண்டு மிரண்டு மூச்சுக்குழாயை வீங்கச் செய்தால் அது ஆஸ்துமா. பக்டரியில் சலிக்கும் அறையில் தேயிலைத் தூள் பறக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களில் சிலருக்கு இப்படி இழுப்பு வருவதுண்டு. சொந்த மூட்டுகளையே தாக்கினால் அது மூட்டுவாதம். சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீரில் புரதம் போய் முகமும் காலும் வீங்கும் ஒரு நோய் உண்டு. அதற்கும் பிரெட்னிசொலோன்தான் முக்கிய மருந்து. தொழுநோய்க்கு மருந்து எடுக்கும் சிலருக்கு நரம்பு திடீரென்று வீங்கி கை கால் விளங்காமல் போகப் பார்க்கும். அந்த நேரத்தில் ஸ்டீரோயிட் நரம்பைக் காப்பாற்றும்.

கொரோனா காலத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு வெளிவந்தது. தினமும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் பத்து நாள் வரை கொடுத்தபோது, மூச்சு இயந்திரத்தில் இருந்தவர்களின் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஒக்சிசன் மட்டும் பெற்றவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. அவர்களின் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டிருந்தது வெறி பிடித்த காவற்படையும்தான். ஆனால் ஒக்சிசன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்தால் ஒரு நன்மையும் இல்லை. அவர்களுக்குக் காவல் தேவைப்பட்டது. ஒரே கிருமி, ஒரே மருந்து. கொடுத்த நேரம்தான் வேறு. அந்த நேரத்தைப் பார்த்துச் சொல்ல டொக்டர் வேண்டும்.

அடுத்த வருடம், 2021இல், இந்தியாவில் ஆயிரக்கணக்கான கொரோனா நோயாளிகளுக்குக் கரும்பூஞ்சை என்ற கொடிய நோய் வந்தது. அவர்களில் மிகப் பலர் சீனி வருத்தம் உள்ளவர்கள், ஸ்டீரோயிட் எடுத்தவர்கள். வழக்கமாக எம் மூக்கில் நுழைந்தாலும் வெண்குழியங்கள் விழுங்கிவிடும் பூஞ்சை அது. காவல் தூங்கியதால் கண்ணையும் மூளையையும் எட்டிவிட்டது.

காவல் தூங்கினால் யார் உள்ளே வருவார்கள்?

காசநோய்: காசக் கிருமி உடம்பில் நுழைந்தாலும் பலருக்கு நோய் வருவதில்லை. வெண்குழியங்கள் அதைச் சுற்றி வேலி கட்டி வைத்துவிடும். கிருமி சாகாமல் உள்ளே வருடக்கணக்கில் தூங்கும். ஸ்டீரோயிட் தொடர்ந்து போட்டால் அந்த வேலி பலவீனமாகிக் கிருமி விழித்துக்கொள்ளும். ஆகவே முன்பு காசம் வந்தவர்களும், வீட்டில் காச நோயாளி இருந்தவர்களும் டொக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளி பரிசோதிக்க வேண்டும். அரசாங்க மார்புநோய் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மண்ணிலிருந்து வரும் புழு: வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது பாதத் தோல் வழியாக நுழைகிற ஸ்ட்ரொஞ்சிலோயிட்ஸ் என்ற நூல் போன்ற சின்னப் புழு ஒன்று உண்டு. அது குடலில் குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் மறுபடி அதே உடம்புக்குள் நுழைந்து, பத்து இருபது வருடம்கூட ஓசையில்லாமல் இருக்கும். காவல் விழித்திருக்கும்வரை அது பெருகாது. ஸ்டீரோயிட் போட்டதும் ஆயிரக்கணக்கில் பெருகி, குடலை ஓட்டை போட்டுக்கொண்டு நுரையீரல் வரை போய்விடும். உயிருக்கே ஆபத்து. வழக்கமாக ஒரு தடவை கொடுக்கும் பூச்சி மாத்திரை இந்தப் புழுவுக்குப் போதாது. ஐவர்மெக்டின் என்ற வேறு மருந்து வேண்டும். மலையில் நடக்கும்போது சப்பாத்து போடுவதும், மலசலகூடத்தை ஒழுங்காகப் பாவிப்பதும் இதற்குத் தடை.

அம்மை: கொப்புளிப்பான் மற்றப் பிள்ளைகளுக்குப் பத்து நாளில் ஆறிவிடும். முன்பு அது வராத ஒருவர் ஸ்டீரோயிட் எடுத்துக்கொண்டிருந்தால், நுரையீரலையும் ஈரலையும் தாக்கலாம். லயத்தில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், இந்த மருந்து எடுப்பவர் அன்றைக்கே டொக்டரிடம் சொல்ல வேண்டும். கொப்புளம் வரட்டும், பார்த்துக்கொள்வோம் என்று இருக்கக் கூடாது. அம்மையை மதித்து வேப்பிலை வைப்பதை நாம் தடுக்கவில்லை. அதோடு டொக்டரையும் பாருங்கள்.

சின்னக் காயங்கள்: அட்டை கடித்த இடம், கவ்வாத்துக் கத்தி கீறிய இடம், கால் விரல் இடுக்குப் புண் ஆகியவை ஆற நாளாகும். சீழ் பிடிக்கவும் செய்யும்.

தடுப்பூசி: பிள்ளைக்கு அதிக அளவில் ஸ்டீரோயிட் கொடுத்திருந்தால், உயிருள்ள பலவீனக் கிருமி கொண்ட சில தடுப்பூசிகளைத் தள்ளிப் போட வேண்டி வரும். கிளினிக்கில் மிட்வைப் அம்மாவிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

நோய் மறைந்து நிற்கும்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். காய்ச்சல், வீக்கம், வலி, சீழ் இவை எல்லாம் வெண்குழியங்கள் வேலை செய்வதால் வரும் அடையாளங்கள் என்று பார்த்தோம். காவலை அடக்கினால் அடையாளமும் அடங்கும். உள்ளே கிருமி பெருகும், உடம்பு சுடாது. வயிற்றுப் புண் ஓட்டையாகிவிடும். வயிறு அவ்வளவாக வலிக்காது. "காய்ச்சல் இல்லையே, சும்மா அசதிதான்" என்று வேலைக்குப் போனவர் இரண்டு நாளில் படுத்த படுக்கையாகலாம். டொக்டருக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே ஸ்டீரோயிட் எடுப்பவருக்கு லேசான காய்ச்சல் அல்லது காரணமில்லாத அசதி என்றாலும், அதைப் பெரிய காய்ச்சலாக எண்ணி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டொக்டர், நர்ஸ், தோட்ட டிஸ்பென்சரி ஐயா யாரிடம் போனாலும், "இந்த மாத்திரை எடுக்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டவுன் கடையில் வாங்கிப் போட்டதாக இருந்தாலும் மறைக்காதீர்கள். உங்களை ஏசுவார்கள் என்று பயந்து மறைத்தால் உயிர் போகக்கூடும்.

திடீரென்று நிறுத்தினால்?

மாத்திரையாக வெளியில் இருந்து தாராளமாக வரும்போது, "எமக்கு இனி வேலை இல்லை" என்று அதிரீனல் சுரப்பி சுருங்கி ஓய்ந்துவிடும். மூன்று கிழமைக்கு மேல் எடுத்தவர்களுக்கு இது நடக்கக்கூடும். அப்போது ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் கோர்ட்டிசோல் இல்லாமல் போகும். தலை சுற்றும், வாந்தி வரும், பிரஷர் விழும், சீனி குறையும், மயக்கம் போடும். ஆகவேதான் டொக்டர் 30, 25, 20 என்று படிப்படியாகக் குறைத்து எழுதுவார். அந்தக் கணக்கை நாமாக மாற்றக் கூடாது.

மாத்திரை தீருவதற்குள் கிளினிக் நாளைப் பாருங்கள். ரோட்டில் பஸ் இல்லை, மண் சரிந்துவிட்டது என்று போக முடியாமல் போனால், கிளினிக் கொப்பியோடு கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தை எடுங்கள். வாந்தியினால் மாத்திரை வயிற்றில் நிற்காவிட்டாலும் உடனே போக வேண்டும், ஊசியாகக் கொடுப்பார்கள். நடக்க முடியாத நிலை என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நீண்ட நாள் எடுத்தால் வேறு என்ன வரும்?

முகம் நிலாப் போல உருண்டையாகும். வயிறு பெருத்து கை கால் மெலியும். சீனி கூடும், பிரஷர் கூடும். எலும்பு தேயும்; மலையில் சறுக்கி விழுந்தால் இலகுவாக முறியும். கண்ணில் வெண்புரை வரும். தூக்கம் கெடும், மனம் குழம்பும். பிள்ளைகள் வளர்வது குறையும். சில நாள் மட்டும் எடுப்பவருக்கு இவற்றில் பெரும்பாலானவை வராது. மாதக்கணக்கில் எடுப்பவருக்கே பயம். "அந்த மருந்து குடிச்சு ஆள் நல்லா சதை போட்டிருக்கு" என்று சிலரைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோமே, அது ஆரோக்கியச் சதை அல்ல, மருந்தின் வீக்கம்.

பம்பும் கிரீமும்

பெக்லோமெத்தசோன் பம்பும் ஸ்டீரோயிட்தான். அதற்குப் பயந்து பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பவர்களை நாம் பார்க்கிறோம். இது தவறு. ஒரு இழுவையில் 100 மைக்ரோகிராம் என்றால், 5 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது 5000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து என்பதால் நேர்க் கணக்குப் போட முடியாது. ஆனாலும் பம்ப் மருந்து மூச்சுக்குழாயில் மட்டும் காவலை அடக்கும், மற்ற உடம்புக்கு மிகக் குறைவாகவே போகும். இழுப்பு இல்லாத நாளிலும் தினமும் இழுத்தால்தான் பலன். இழுத்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் காவல் தளர்ந்து நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும்.

கிரீம் விஷயம் இதற்கு மாறானது. மழைக் காலத்தில் ஈர உடுப்போடு வேலை செய்யும் எமக்குப் படர்தாமரை அடிக்கடி வரும். கடையில் வாங்கும் ஊறல் கிரீம் பலவற்றில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல் போன்ற ஸ்டீரோயிட் கலந்திருக்கும். பூசியதும் ஊறலும் சிவப்பும் அடங்கும். காவல் அடங்கியதே காரணம். பூஞ்சை சாகவில்லை, அது சத்தமில்லாமல் தொடைக்கும் இடுப்புக்கும் படரும். வட்ட அடையாளமும் அழிந்துவிடுவதால் டொக்டருக்கே நோய் பிடிபடாது. முகம் வெள்ளையாக வேண்டும் என்று குமர்ப் பிள்ளைகள் பூசும் சில கிரீம்களிலும் இது உண்டு. நாளடைவில் தோல் மெலிந்து, பருவும் சிவப்பு நரம்புக் கோடுகளும் வரும்.

பஸ் ஸ்டாண்டில் விற்கும் பெயர் எழுதாத வாதப் பொடிகளிலும் கவனம் தேவை. மூலிகை என்று விற்ற பொடிகளில் ஸ்டீரோயிட் ஒளித்துக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் ஆய்வுகூடச் சோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

கேள்வி: ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் பேரு போயிடும். கடையில மாத்திரை வாங்கினா வேலைக்குப் போயிடலாமே?

பதில்: ஒரு நாள் சம்பளம் எவ்வளவு பெரிது என்று எமக்கும் தெரியும். ஆனால் மூட்டு வலிக்குக் காரணம் தேய்மானமா, மூட்டுவாதமா, கிருமியா என்று தெரியாமல் அடக்கினால், பிறகு மாதக்கணக்கில் பேர் போகும். முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். மேல் ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். பிரெட்னிசொலோன் டொக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சீட்டுக் கேட்காமல் கொடுக்கும் கடை உங்களுக்கு உதவி செய்யவில்லை.

கேள்வி: கர்ப்பிணியான என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்டீரோயிட் ஊசி போட்டார்கள். பயமா இருக்கே?

பதில்: பயப்பட வேண்டாம். மாதம் நிறைவதற்கு முன்பே பிள்ளை பிறக்கும் போலிருந்தால், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காக அம்மாவுக்கு அந்த ஊசியைப் போடுவார்கள். ஒன்றிரண்டு நாள் மருந்துதான். பல குறைமாதப் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றிய ஊசி அது.

கேள்வி: மாத்திரையை எப்போது எடுப்பது?

பதில்: டொக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், காலைச் சாப்பாட்டோடு. உடம்பின் கோர்ட்டிசோல் கூடும் நேரம் அது. வெறும் தேத்தண்ணீரோடு போட்டுவிட்டு மலைக்குப் போகாதீர்கள். ரொட்டியோ சோறோ சாப்பிட்ட பிறகு எடுங்கள். இரவில் எடுத்தால் தூக்கம் கெடும்.

மறக்கக் கூடாதவை

1. மற்றவருக்கு எழுதிய ஸ்டீரோயிட் மாத்திரையை வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள்.
2. டொக்டர் கொடுத்ததை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.
3. எங்கே மருந்துக்குப் போனாலும் ஸ்டீரோயிட் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நனையாமல் வைத்திருங்கள்.
4. சீனி, பிரஷர், வயிற்றுப் புண், முன்பு வந்த காசம் இவற்றை டொக்டரிடம் மறைக்காதீர்கள்.
5. லேசான காய்ச்சல், ஆறாத புண், நீண்ட இருமல், அம்மை பட்ட வீடு இவற்றைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள்.
6. சப்பாத்து, சவர்க்காரம், கொதித்தாறிய தண்ணீர் இம்மூன்றும் தூங்கும் காவலுக்குப் பதிலாக நிற்கும் காவல்.

எமது ஆட்கள் இந்த மாத்திரையைத் தேடிப் போவது, வலியைத் தாங்கிக்கொண்டு மறுநாளும் கொழுந்து எடுக்க வேண்டியிருப்பதால்தான். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் வலி என்பது உள்ளே காவல் போடும் சத்தம். ஏன் சத்தம் போடுகிறது என்று பார்த்துவிட்டு, தேவையானால் டொக்டர் அதை அடக்கட்டும். உங்கள் வீட்டில் பெயர் தெரியாத மாத்திரைகள் இருந்தால், இந்தக் கிழமையே அவற்றை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய் என்னவென்று கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், படிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.